அவுட்சோர்சிங்: உயர்தர வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

ஹட்டனிலிருந்து:
வணக்கம். சம்பளம் குறைந்த நாடுகளில் பொருள் செய்து வாங்குவது நியாயமா என்று திங்கட்கிழமை பொருளியல் வகுப்பில் பிள்ளைகளை விவாதிக்க விடப்போகிறேன். குறிப்புத்தாள் நாளை அச்சுக்குப் போகவேண்டும். அவுட்சோர்சிங்குக்கு 'அயலாக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரியா? பலருடைய அக்காமார் கட்டுநாயக்கவில் கார்மென்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறார்கள். சொல் அவர்களுக்கும் விளங்கவேண்டும்.

பண்டாரவளையிலிருந்து:
டீச்சர், அது வேண்டாம். நமக்கு அயல் என்றால் தோட்டத்துப் பக்கத்து லயம், அடுத்த வரிசை வீடு. ஆக்கம் என்றால் வள்ளுவரிடம் செல்வம். யாருடைய ஆக்கம் என்பதுதானே உங்கள் விவாதமே! 'புறச்செய்விப்பு' என்று போடுங்கள். செய்தல் தன்வினை, செய்வித்தல் பிறவினை. தச்சன் கோயில் கட்டினான், அரசன் கோயில் கட்டினான் என்று படித்தோமே: ஒருவன் தானே செய்யும் இயற்றுதற் கருத்தா, மற்றவன் பிறரைக் கொண்டு செய்விக்கும் ஏவுதற் கருத்தா. இருவரும் கருத்தாதான். 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பு விழுந்திருந்தும் மறுநாள் வேலைக்கு ஏற்றினார்கள். அங்கே தைப்பித்த பிராண்டுகளுக்குக் கட்டடம் சொந்தமில்லை, தைத்தவர்கள் அவர்களுடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஆனால் ஏவியவர்கள் அவர்கள். அதைச் சொல்லே காட்டவேண்டும்.

பேராதனையிலிருந்து:
ஐயா, கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நாட்டுக்குள்ளேயே வேறு கம்பனிக்குக் கொடுப்பதும் அவுட்சோர்சிங்தான். சொந்தத் தொழிற்சாலையை வெளிநாட்டில் போடுவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் முதலில் பிடிக்கட்டும். இன்னொன்று: கட்டுநாயக்க ஏற்றுமதித் தொழில் வலயம் தொடங்கியது 1978இல். தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது 2021இல்தான். கொழுந்துக்கூடையை இறக்கிவைக்கக் கார்மென்டுக்குப் போன பிள்ளைகளுக்குக் கிடைத்த வழியையும் எண்ணுங்கள். தவிர, 'புறம்' என்றால் புறங்கூறல் நினைவுக்கு வருகிறது.

நுவரெலியாவிலிருந்து:
நம் மலையகத்தார் கதை இதன் மறுபக்கம். அன்று மலிந்த கூலிக்கு இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆளைக் கப்பலேற்றினார்கள்; இன்று வேலையைக் கப்பலேற்றுகிறார்கள். ஆள் சேர்த்து வேலை வாங்க நடுவில் நின்றவர் கங்காணி; அது 'கண்காணி'யின் திரிபு; சிங்களத்துக்கும் போன சொல். தோட்டம் மாற வேண்டுமென்றால் கடன் எழுதிய 'துண்டு' வேண்டும், 1921 வரை. துண்டும் துணியும் துணித்தலும் ஒரே வேர் என்பது என் எண்ணம். துணி தைக்கும் தொழிலுக்கு அந்த வேரிலிருந்தே...

ஹட்டனிலிருந்து:
சேர், வேரை அடுத்த கிழமை பார்ப்போம். அச்சுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மஸ்கெலியாவிலிருந்து:
நான் கார்மென்டில் இருந்தவள். நாங்கள் 'ஓடர்' (order) என்றுதான் சொல்வோம். டார்கட் கூடும், சம்பளம் கூடாது. கேட்டால், ஓடர் பங்களாதேஷுக்குப் போய்விடும் என்பார்கள். ராணா பிளாசா விழுந்தபோது அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,000 டாக்கா. அதைக் காட்டித்தான் எங்களை அடக்கினார்கள். அந்த அக்காமாரிடம் அயலாக்கம், செய்விப்பு இரண்டுமே போய்ச் சேராது. ஓடர் என்று எழுதுங்கள் டீச்சர்.

பண்டாரவளையிலிருந்து:
தங்கச்சி சொல்வது உண்மை. ஆனால் 'ஓடர்' என்று எழுதினால் தமிழில் ஓடுபவர் ஆகிவிடும். ஒலி ஒத்துவந்தாலும் பொருள் மயங்கக்கூடாது.

பேராதனையிலிருந்து:
பேச்சு வழக்குக்கு முன்னால் இலக்கணம் பின்வாங்கட்டும். தலைப்பில் அயலாக்கம், உள்ளே ஓடர். எனக்குச் சம்மதம்.

நுவரெலியாவிலிருந்து:
எனக்கும்.

ஹட்டனிலிருந்து:
அப்படியே கொடுத்துவிட்டேன். 'ராணா பிளாசாவில் ஏவுதற் கருத்தா யார்? அவர் பொறுப்பு எவ்வளவு?' என்று கடைசிக் கேள்வியும் சேர்த்தேன்.

பண்டாரவளையிலிருந்து:
கேள்விக்கு நன்றி, டீச்சர். அயலாக்கத்தை மட்டும் நான் ஒப்பவில்லை. அடுத்த தவணைக் குறிப்பு வரும்போது திரும்பவும் எழுதுவேன்.