காஸ்மாஸ் நாலடி வளர்ந்தாச்சு, பூ மட்டும் காணோம்! அவசர உதவி

கத்துக்குட்டி
விதை போட்டு வளர்த்த காஸ்மாஸ், பச்சைப்பசேல்னு நிக்குது. ஒரு மொட்டுகூட இல்ல. வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க. என்ன ஊத்தினா சீக்கிரம் பூக்கும்? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

மண்வெட்டி
எப்ப விதைச்சீங்க? தொட்டியா, தரையா? வெயில் எத்தனை மணி நேரம்? என்ன நிறம்? ஒண்ணையும் சொல்லாம "என்ன ஊத்தினா"ன்னு கேட்டா எப்படிங்க? வெள்ளிக்கிழமைக்குள்ளன்னா மந்திரத் தண்ணிதான் ஊத்தணும்.

சிட்டு
அக்கா, உரம் என்ன போட்டீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

கத்துக்குட்டி
தரைதான், வாசல் ஓரமா வரிசையா. மூணு மாசம் ஆச்சு. வெயில் நல்லா வரும். மாசாமாசம் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கை கோழி எரு.

சிட்டு
அதானே பார்த்தேன்! கோழி எருவுல தழைச்சத்து கொட்டிக் கிடக்கும். காஸ்மாஸுக்கு மண் சுமாரா இருந்தாலே போதும். ஊட்டி வளர்த்தா இலையும் தண்டுமா ஓங்கிப் போய்க் காத்துக்குச் சாயும், பூக்காது. எருவை உடனே நிறுத்துங்க.

நுனிகிள்ளி
ஒரு அடி இருக்கும்போதே நுனியைக் கிள்ளினீங்களா? கிள்ளினாதான் பக்கக் கிளை வெடிக்கும், கிளைக்குக் கிளை மொட்டு வைக்கும். யாருமே இதைக் கேக்கலையே.

மண்வெட்டி
கிள்ளினா பூ கூடும், சரி. ஆனா கிள்ளாத செடியும் உச்சியில ஒரு பூவாவது பூக்குமே.

மூத்த தோட்டக்காரர்
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. விதையைக் கால் அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாது என்பதாவது தெரியுமா?

மண்வெட்டி
சார், செடி நாலடி நிக்குது. விதை ஆழத்தை இப்ப பேசி என்ன ஆகப் போகுது?

வெண்டைப்பூ
என்னோட ஆரஞ்சு காஸ்மாஸ் ரெண்டு மாசத்துக்குள்ளயே பூத்துது. எரு, கிள்ளல் ஒண்ணும் கிடையாது.

மூத்த தோட்டக்காரர்
ஆரஞ்சு நிறத்தில் இருப்பது காஸ்மாஸே அல்ல. துலுக்க சாமந்தி வகை. கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பக் கூடாது.

விதைப்பெட்டி
ஐயா, அதுவும் காஸ்மாஸ்தான். காஸ்மாஸ் சல்ஃபூரியஸ். ரோஸ், வெள்ளை பூக்கிறது காஸ்மாஸ் பைபின்னேட்டஸ். ரெண்டுக்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம், 1791-ல ரெண்டுக்கும் பெயர் வச்சவரும் ஒருத்தரே, கவனியெஸ்ங்கிற ஸ்பானியர். ரோஸ் வகைக்கு இலை சோம்புச் செடி மாதிரி நூல் நூலா இருக்கும். ஆரஞ்சுக்கு அகலமா, கிழிச்சு விட்ட மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் சாமந்தின்னு ஏமாந்திருப்பீங்க.

மூத்த தோட்டக்காரர்
நான் ஏமாறவில்லை. குடும்பம் ஒன்று என்ற பொருளில்தான் சொன்னேன்.

வெண்டைப்பூ
"காஸ்மாஸே அல்ல"ன்னு மேல அப்படியே இருக்கு சார் 😀

மண்வெட்டி
அந்தச் சண்டை அப்புறம். கத்துக்குட்டி, "வாசல் ஓரமா"ன்னு சொன்னீங்களே, ராத்திரி வாசல் விளக்கு எரியுமா?

மூத்த தோட்டக்காரர்
ஏன், செடிக்குத் தூக்கம் கெடுகிறதா?

மண்வெட்டி
கிட்டத்தட்ட அதேதான் சார். காஸ்மாஸ் குறும்பகல் செடி. ராத்திரி நீளமா, இருட்டா இருந்தாதான் சீக்கிரம் மொட்டு கட்டும். சாமந்தி வளர்க்கிறவங்க பூவைத் தள்ளிப்போட ராத்திரியில பல்பு எரிய விடுவாங்களே, அதே கணக்கு. எல்லா ரகத்துக்கும் ஒரே அளவு பாதிப்பு இருக்காது, ஆனா உயரமா வளர்ற ரோஸ் ரகம் இதுல ரொம்ப அடம் பிடிக்கும்.

சிட்டு
விளக்கெல்லாம் சும்மா. எருதான்.

கத்துக்குட்டி (இரண்டு நாள் கழித்து)
ரோஸ்தான், இலை நூல் மாதிரி. விளக்கு விடிய விடிய எரியும். நீங்க கேட்டதும் போய்ப் பார்த்தேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ரெண்டு செடி தனியா நிக்குது, அங்க வெளிச்சம் படாது. அது ரெண்டுல மட்டும் மிளகு சைஸ்ல மொட்டு இருக்கு!! எரு எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் போட்டேன்.

மண்வெட்டி
விளக்கை அணைங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க.

சிட்டு
தொட்டிக்குப் பின்னாடி மண் வேற மாதிரி இருக்கலாம்ல?

கத்துக்குட்டி (மூன்று வாரம் கழித்து)
விளக்கை அணைச்சோம், எருவையும் நிறுத்திட்டேன். வாசல்லயும் மொட்டு வந்தாச்சு. விருந்தாளிங்கதான் வந்துட்டுப் போயிட்டாங்க. எல்லாருக்கும் நன்றி.

சிட்டு
பார்த்தீங்களா, எருவை நிறுத்தினதும் வந்துடுச்சு!

மண்வெட்டி
ரெண்டையும் ஒண்ணா மாத்தாதீங்கன்னுதானே சொன்னேன்...

நுனிகிள்ளி
நுனி கிள்ளினீங்களா இல்லையா, அதைச் சொல்லாமலே போயிட்டீங்களே?