குப்பை சேராத கல்யாணம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். முடிந்தவரை குப்பை சேராமல் நடத்த ஆசை. அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில்தான். பெரியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அச்சடிப்போம், ஜிகினா, பிளாஸ்டிக் பூச்சு எதுவும் இல்லாமல்.

குழப்பமெல்லாம் அலங்காரத்திலும் தண்ணீரிலும்தான். பூ செருகும் அந்தப் பச்சை ஸ்பாஞ்சும் ஒருவகை பிளாஸ்டிக்தான். பொடிப்பொடியாக உதிருமே தவிர லேசில் மக்காது. அதற்குப் பதில் என்ன வைக்கலாம்? பேப்பர் கப்பின் உள்பக்கத்திலும் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால், எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். கூட்டம் மொய்க்கிற நேரத்தில் கழுவிக் கொடுக்க எத்தனை ஆள் வேண்டும்? மிஞ்சும் சாப்பாட்டைக் கெடுவதற்குள் கொடுத்துவிட யாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். ‘ஆட்களைக் குறையுங்கள்’ என்பது மட்டும் வேண்டாம், அதை வீட்டில் சொல்லித் திட்டு வாங்கியாகிவிட்டது!