‘உள்ளடக்கம்’ என்றால் யாரை அடக்கம் செய்கிறோம்?

இராயபுரத்திலிருந்து, ஆசிரியை:

அன்புடையீர், வணக்கம். எங்கள் மாலை வகுப்புக்காக, புதிதாக இணையத்தளம் தொடங்குவோர் வேர்டுபிரஸ், ஜூம்லா, துருபல் ஆகிய, தளம் நடத்தும் மென்பொருள்கள் மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று விளக்கும் சிறு கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மூன்றுக்கும் பொதுப்பெயராக ‘உள்ளடக்க மேலாண்மை அமைப்பு’ என்று கரும்பலகையில் எழுதினேன். காசிமேட்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன், “யாரை டீச்சர் அடக்கம் பண்றாங்க?” என்று கேட்டான். கல்லறைத் தோட்டத்தைக் கடந்து வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் குறளின் அடக்கமுடைமையை எடுத்துச் சொல்லி என்ன பயன்?

‘அமைப்பு’ இன்னும் பெரிய தொல்லை. திரையைத் தமிழுக்கு மாற்றினால், தளத்தின் பெயரையும் நேர மண்டலத்தையும் திருத்தும் இடத்துக்கும் ‘அமைப்புகள்’ என்றே பெயர். “அமைப்பிலுள்ள அமைப்புகளுக்குச் செல்க” என்று எழுதிவிட்டு நானே திகைத்து நின்றேன். தக்க சொல் தந்து உதவுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்:

அம்மா, அந்த மாணவன் கேட்டது நியாயமே. முகமில்லாத மூன்று சொற்களை அடுக்கிவிட்டுக் கலைச்சொல் பிறந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். நான் ‘தளக்கிடங்கு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். பழந்தமிழில் கிடங்கு என்பது கோட்டையைச் சூழ்ந்த அகழி. தோண்டிய பள்ளம் சரக்கை வைக்கும் இடமாகி, பின்னர் சரக்கறைக்கே பெயராயிற்று. இச்சொல்லோ இதன் தெலுங்கு இணையோ மலாய் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று ‘கோடவுன்’ ஆயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். அதுவே ‘குடோன்’ என்று திரும்பி வந்து இன்று துறைமுகத்தை ஒட்டிய நம் தெருக்களில் பெயர்ப்பலகையாகத் தொங்குகிறது. கப்பலேறிப் போன பிள்ளை ஊர் திரும்பினால், தாய்க்கு அடையாளம் தெரியாமலா போகும்?

ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ‘சி.எம்.எஸ்.’ என்றே எழுதிவிடலாம் என்று யாரேனும் கிளம்புமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: “எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே” என்பது தொல்காப்பியம். அந்த மூன்றெழுத்து நம் பிள்ளைகளுக்கு எந்தப் பொருளைக் குறிக்கிறது?

மண்ணடியிலிருந்து, தளங்கள் வடிவமைப்பவர்:

ஐயா, கப்பல் கதை சுவையாக இருக்கிறது. ஆனால் கிடங்கு பாதி வேலையைத்தான் சொல்கிறது. வேர்டுபிரஸில் நாம் எழுதுவது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் கிடக்கிறது; தோற்றம் வேறோர் இடத்தில் வார்ப்புருவாக இருக்கிறது; ஒருவர் தளத்துக்கு வரும்போது பிஎச்பி நிரல் இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்கி நீட்டுகிறது. யார் எதைத் தொடலாம் என்ற வரம்பும் உண்டு. வேர்டுபிரஸில் இயல்பாகவே ஐந்து நிலைகள் இருக்கின்றன; அவற்றுள் ஒரு நிலையில் உள்ளவர் கட்டுரையை எழுதலாமே தவிர வெளியிட இயலாது. ‘மேலாண்மை’ என்பது இதுதான். கிடங்கில் பூட்டும் காவலாளியும் மட்டுமே உண்டு.

இரும்புச் சாமான் கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: “விலையை நானே மாத்திக்கலாமா?” அத்தகையோருக்கு வேர்டுபிரஸ் போதும். தமிழும் ஆங்கிலமும் இணையாக ஓட வேண்டிய தளத்துக்கு ஜூம்லாவிலும் துருபலிலும் பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. வேர்டுபிரஸில் அதற்குச் செருகுநிரல், அதாவது தனியே இணைக்கும் துணை நிரல், தேடவேண்டும். கையேட்டில் இதை மறவாமல் சேருங்கள், அம்மா. துருபல் என்பது துளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது; ஜூம்லா என்பது ‘எல்லாம் ஒருங்கே’ என்னும் சுவாகிலிச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் அன்றாடச் சொல்லை எடுத்து ஆள்கிறார்கள்; நாம்தான் இலக்கணம் பேசிக் களைக்கிறோம். உலாவி, செயலி போல ‘உள்ளடக்கி’ என்றால் என்ன?

தண்டையார்பேட்டையிலிருந்து:

தம்பி, ‘உள்ளடக்கி’ வினையெச்சமாகவும் நிற்குமே. “உள்ளடக்கி நிறுவினேன்” என்று எழுதினால், எதை உள்ளடக்கி என்று படிப்பவர் அடுத்த சொல்லைத் தேடமாட்டாரா? உலாவி என்பதிலும் அந்தக் குறை உண்டு என்பீர்கள். ஒரு தவறு பழகிவிட்டது என்பதற்காக அதற்குத் துணை தேட வேண்டியதில்லை.

இராயபுரத்திலிருந்து, வியாழன் இரவு:

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் ‘உள்ளடக்க முகாமைத்துவ முறைமை’ தங்கள் பக்கத்தில் வழக்கில் உள்ளதென்று தனியே எழுதியிருந்தார். எங்கள் மாணவர் அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கமாட்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘மேலாண்மை’ இருக்கட்டும், ‘அமைப்பு’ போகட்டும் என்கிறார்கள். ஆகவே கையேட்டில் ‘உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்’ என்றே போகிறது. நிறைவோடு அல்ல, நாளை அச்சகம் என்பதால். ஐயாவின் கிடங்கை நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன்: சரக்கு குடோனில், அலங்காரம் கடைவாசலில், எடுத்து வைப்பவன் பெயர் பிஎச்பி. அடக்கம் கேட்ட மாணவனே முதலில் தலையாட்டினான். அந்த உவமை மூன்றாம் பக்கத்தில் இருக்கும். மெய்ப்பை ஐயாவே பார்த்துத் தர வேண்டுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

பார்த்துத் தருகிறேன், அம்மா. உவமையில் புரிவது தலைப்பில் மட்டும் புரியாதா என்பதே என் கேள்வி. ‘உள்ளடக்க’ வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் சுழித்து அனுப்புவேன்; திருத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.