திருகோணமலைக் கலைஞர்களுக்கென ஓர் ஆதரவு அமைப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (கோணைக்கரை)

திருகோணமலை நகரில் வசிக்கும் நாங்கள் ஐந்து பேர், மாவட்டத்துக் கலைஞர்களுக்கு ஆதரவாக ஓர் அமைப்பைத் தொடங்க விரும்புகிறோம். எங்களுள் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒருவர் மிருதங்கக் கலைஞர், ஒருவர் ஓவியர். நான் ஒரு வங்கியில் பணியாற்றுகிறேன். நமது மாவட்டத்தில் கலை மன்றங்களுக்குக் குறைவில்லை. எனினும் அவற்றுட் பல, ஆண்டுக்கு ஒரு விழா எடுத்துத் தம் உறுப்பினரை மேடையேற்றுவதோடு நின்றுவிடுகின்றன. நாங்கள் எண்ணுவது வேறு வகையானது. தானே ஆடாமலும் பாடாமலும், ஆடுவோருக்கும் பாடுவோருக்கும் வரைவோருக்கும் வாய்ப்பையும் உரிய ஊதியத்தையும் பெற்றுக்கொடுப்பதையே தன் முழுவேலையாகக் கொண்ட ஓர் அமைப்பு எங்களுக்கு வேண்டும்.

இந்த எண்ணம் தோன்றியதற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். கடற்கரையோர விடுதி ஒன்றின் விழாவுக்குக் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரப் பகுதியிலிருந்து ஒரு கூத்துக் குழுவை அழைத்துவர நான்தான் இடையில் நின்று பேசினேன். பதினான்கு பேர் வந்து ஆடினார்கள். வாகனமும் இரவு உணவும் கிடைத்தன. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. பணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. எழுத்தில் எதையும் நான் வாங்கி வைத்திருக்கவில்லை. திரும்பும் வழியில் அவர் அந்தப் பொன்னாடையை மடித்தபடி, "வீட்டில் இதோடு பன்னிரண்டு இருக்கிறது, தம்பி" என்றார். அன்று கூத்தாடியவர்களில் மூவர் நாட்கூலிக்குப் போகிறவர்கள் என்பதும், அந்த நாளின் கூலியை அவர்கள் இழந்துதான் வந்தார்கள் என்பதும் எனக்குப் பின்னரே தெரியவந்தது.

அமைப்பை எந்த முறையில் பதிவு செய்வது, பணத்துக்கு எங்கே போவது, தமிழ்க் கலைஞர்களோடு மட்டும் தொடங்குவதா அல்லது மாவட்டம் முழுவதையும் உள்ளடக்குவதா என்ற மூன்றிலும் எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையைக் கேட்கிறேன்.

பதில் (ஓய்வுபெற்ற கலாசார உத்தியோகத்தர்)

பிரதேச செயலகங்களில் கலாசாரப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதிவைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். முதலில் ஒரு பதிவேட்டைத் தயாரியுங்கள். மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் யார் என்ன செய்கிறார், யாரிடம் கற்றார், இப்போது யாருக்குக் கற்பிக்கிறார், எந்தக் கருவி அவரிடம் உள்ளது, எந்த மாதங்களில் அவருக்கு வேலை இருக்கிறது, எந்த மாதங்களில் இல்லை என்பவற்றை நேரில் சென்று கேட்டு எழுதுங்கள். செயலகங்களிற் பதிந்த கலை மன்றங்களின் விபரம் கலாசார உத்தியோகத்தரிடம் இருக்கும். ஆனால் மன்றத்தில் சேராதவரின் பெயர் அங்கே இராது. தனியே இருக்கும் அந்தக் கலைஞருக்கே உங்கள் அமைப்பு மிகவும் தேவைப்படும்.

மாதங்களைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாதஸ்வர, தவில் கலைஞர்களின் வருமானம் திருவிழாக் காலங்களோடு வந்து போகிறது. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வாசிப்பவர்களுக்குச் சித்திரை முதல் புரட்டாதி வரை வேலை இருக்கும். வாடைக்காற்றோடு மழை இறங்கியதும் இரு சாராருக்கும் கை வெறுமையாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் பள்ளிகளிலோ நூலகங்களிலோ சிறு பயிற்சி வகுப்புகளை ஏற்பாடு செய்து கொடுத்தீர்களானால், பெரிய விழா ஒன்றை எடுப்பதைவிட அது கூடிய பயன் தரும்.

அரசு செய்வதையே நீங்களும் செய்ய வேண்டியதில்லை. கலாபூஷணம் விருது 60 வயதைக் கடந்த கலைஞர்களுக்கானது. அது அவர்களுக்கு உரிய மதிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், பிள்ளைகளின் படிப்புச் செலவு கூடும் காலத்தில், கலையைக் கைவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அந்த வயதினரைத் தாங்கிப் பிடிக்க எவரும் இல்லை.

அமைப்பின் விதிகளாகிய யாப்பை எழுதும்போது ஒன்றை மறவாதீர்கள். நிர்வாக சபையில் இருக்கும் எவரும், அவரது நெருங்கிய உறவினரும், அவர் அப்பதவியில் இருக்கும் காலத்தில் அமைப்பின் நிதியைப் பெறக்கூடாது. உங்கள் ஐவரில் ஒருவர் மிருதங்கக் கலைஞர், ஒருவர் ஓவியர் என்கிறீர்கள். அவர்கள் மனம் நோகாதிருக்க வேண்டுமென்று இந்த விதியைத் தள்ளிப்போட்டால், முதலாவது கொடுப்பனவிலேயே ஊர் பேசத் தொடங்கிவிடும். தமிழர் மட்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் மாவட்டத்தின் பெயரால் ஓர் அமைப்பை நிறுவினால், அதன் விண்ணப்பப் படிவம் முதல் நாளிலிருந்தே தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.

பதில் (கொட்டியாரத்தான்)

நான் கூத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஐயா கேட்டதில் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இருக்கிறது. அது எப்போது கொடுக்கப்பட வேண்டும் என்ற கேள்வி இல்லை. ஒரு கூத்து மேடைக்கு வருவதற்கு முன்னர் மாதக்கணக்கில் பழக வேண்டும். ஆட்களைத் தெரிந்து அவரவர் பாத்திரத்தைக் கொடுக்கும் சட்டம் கொடுப்பதிலிருந்து, இரவிரவாக ஆட்டமும் பாட்டும் பழகி, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அரங்கேற்றத்துக்கு வரும்வரை தேநீருக்கும் வெளிச்சத்துக்கும் கூடச் செலவு உண்டு. மத்தளத்துக்குத் தோல் மாற்ற வேண்டும், உடுப்பு தைக்க வேண்டும், சதங்கை வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் அண்ணாவியாரும் ஊரில் உள்ள சிலரும் கடன்பட்டே செய்கிறார்கள். மேடை நாளில் வரும் உதவி கடனை அடைக்கத்தான் போகிறது. பழக்கம் தொடங்கும் நாளில் ஒரு சிறு தொகை கிடைத்தால், கைவிடப்பட்ட கூத்துகள் திரும்ப எழும்பும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006 ஆம் ஆண்டின் போரில் மூதூர் கிழக்கிலிருந்து நாங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினோம். சம்பூர் மக்களிற் பலர் தம் காணிக்குத் திரும்பப் பத்து ஆண்டுகள் வரை சென்றன. திரும்பி வந்தபோது வீடே இல்லாத இடத்தில், கூத்தின் பாட்டுகளை எழுதிவைத்த கூத்துக் கொப்பி எங்கே இருக்கப்போகிறது? எங்கள் வீட்டிலிருந்த இரண்டு கொப்பிகளில் ஒன்றை என் தந்தையார் நினைவிலிருந்து மீள எழுதினார். மற்றையதில் பாதியே அவருக்கு வந்தது. அந்த வயதில் இருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து எழுத ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதை அமைப்பின் முதல் வேலையாக வையுங்கள். விழாவை அடுத்த ஆண்டு எடுக்கலாம்.

விடுதிகள் இருபது நிமிடத்துக்குள் ஒரு கூத்தைக் கேட்கின்றன. சுருக்குவதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில், விடிய விடிய ஆடப்படும் மட்டக்களப்புக் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார். ஆனால் ஆட்டமும் பாட்டும் தெரிந்த அண்ணாவியாரை உடன்வைத்துக்கொண்டே அதைச் செய்தார். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை அண்ணாவியார் சொல்லட்டும், விடுதி முகாமையாளர் சொல்லக்கூடாது. உங்கள் அமைப்பு அந்த இடத்தில் எங்களுக்காக நின்று பேசுமானால், அதுவே எனக்குப் போதும்.

பதில் (கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை)

எங்கள் பகுதியில் கோல் தட்டி ஆடும் பொல்லடி இருக்கிறது, றபான் மேளம் இருக்கிறது, சிலம்பம் இருக்கிறது. இவை ஆண்களுடையவை ஆகையால் மேடையில் தெரிகின்றன. எங்கள் உம்மம்மாமார் பாடிய கவியும் தாலாட்டும் குரவையும் வீட்டு வளவுக்குள்ளேயே இருந்தன. அவற்றைப் பாடக்கூடிய பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை மேடைக்கு அழைத்தால் வரமாட்டார்கள். படம் பிடிக்கவும் உடன்படமாட்டார்கள். ஆனால் ஒரு பெண் வீட்டுக்கு வந்து, பாயில் அமர்ந்து கேட்டு எழுதினால் மனமுவந்து சொல்வார்கள். அப்படிச் சொல்பவருக்கும் கொடுப்பனவு உண்டு என்று உங்கள் விதியில் எழுதுங்கள். மேடையேறியவர் மட்டுமே கலைஞர் என்ற வரைவிலக்கணத்தோடு தொடங்கினால், மாவட்டத்துப் பெண்களிற் பெரும்பாலானோர் உங்கள் பதிவேட்டுக்கு வெளியே நிற்பார்கள்.

ஒலிப்பதிவு செய்வதாயின் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தன் ஆற்றுகையைப் பதிவு செய்வதற்கு அனுமதிக்கும் உரிமையை ஆற்றுபவருக்கே கொடுக்கிறது. இது பாடுபவர்களுக்குத் தெரியாது. தெரிவிப்பதும் உங்கள் கடமையாகும்.

கூட்டங்களை நகரில் மாலை ஆறு மணிக்கு வைக்காதீர்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் பாதைப் படகுக்காகக் காத்திருக்கும் காலம் போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தாய்க்கு ஆறு மணி என்பது இன்னும் ஆறு மணியாகவே இருக்கிறது. ஒரு மாதம் கிண்ணியா, ஒரு மாதம் மூதூர், ஒரு மாதம் தம்பலகாமம் என்று காலை வேளைகளில் கூடுங்கள்.

பதில் (உவர்மலைக் கணக்காளர்)

பதிவு குறித்து: ஐந்து பேருக்கு உடனடியாகக் கம்பனி தேவையில்லை. யாப்பு ஒன்றை எழுதி, பொதுக்கூட்டத்தில் ஏற்று, பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதிவு செய்து, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கைத் திறந்தால் தொடங்குவதற்குப் போதும். வெளிநாட்டு நன்கொடையைப் பெறும் நிலை வரும்போது 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவையோ, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியையோ பற்றிச் சட்டத்தரணி ஒருவருடன் பேசுங்கள். பின்னையதில் பங்குதாரரும் இலாபப் பங்கீடும் இல்லை. பதிலாக ஆண்டுதோறும் கணக்காய்வும் அறிக்கையும் உண்டு. அந்தச் செலவைத் தாங்கும் வருமானம் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

பணம் குறித்து: அமெரிக்காவின் லூயிவில், சின்சினாட்டி நகரங்களில் 1949 முதல் கையாளப்படும் ஒரு வழி நமக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் தனித்தனியே கடை கடையாக ஏறி இறங்காமல், எல்லாக் குழுக்களுக்குமாக ஆண்டுக்கு ஒரு முறை ஒரே நிதி சேகரிப்பு நடக்கும். சேர்ந்த தொகை பின்னர் பகிரப்படும். திருகோணமலை வர்த்தகர்கள் ஆண்டு முழுவதும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் களைத்துப்போனவர்கள். ஒரு முறை கேட்டு, அடுத்த ஆண்டு கணக்கை அச்சிட்டுக் கையில் கொடுப்பவரை அவர்கள் மதிப்பார்கள்.

விடுதி நிகழ்ச்சிகளுக்கு ஒரு பக்க உடன்படிக்கை போதும். எத்தனை பேர், எவ்வளவு நேரம், மொத்தத் தொகை, முற்பணம், போக்குவரத்து, நிகழ்ச்சி நின்றுபோனால் என்ன கொடுக்கப்படும் என்பவை அதில் இருக்கட்டும். முற்பணம் வராமல் வாகனம் புறப்படக்கூடாது. அமைப்புக்கு ஒரு சிறு விழுக்காடு எடுப்பதாயின், அதையும் கலைஞர் பார்க்கும்படி அதே தாளில் எழுதுங்கள்.

மீண்டும் கோணைக்கரை

நால்வருக்கும் எங்கள் நன்றி. நேற்று மாலை ஐவரும் கூடி இவற்றை வாசித்தோம். மிருதங்கக் கலைஞரும் ஓவியரும் தாமாகவே நிர்வாக சபையிலிருந்து விலகி, ஆலோசகர்களாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களின் இடங்களுக்குக் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் இருவரைத் தேடுகிறோம். ஆசிரியை அவர்கள் இசைந்தால் முதலாவது பெயர் அவருடையதாக இருக்கும். மாவட்டம் முழுவதையும் உள்ளடக்குவதென்று முடிவாயிற்று. சிங்களப் படிவத்தை எழுதித் தர என் அலுவலக நண்பர் ஒருவர் முன்வந்துள்ளார்.

எங்கள் கையில் இப்போதுள்ள சிறு தொகையை விழாவுக்கென்று ஒதுக்கியிருந்தோம். அதை மாற்றி, கூத்துக் கொப்பிகளை எழுதுபவருக்கு ஆறு மாதக் கொடுப்பனவாக வைக்கிறோம். கொட்டியாரத்தான் அவர்களே, உங்கள் தந்தையாருக்குப் பாதி நினைவில் உள்ள அந்தக் கூத்திலிருந்தே தொடங்கலாமா? எந்த நாளில், எந்த வேளையில் வந்தால் அவருக்குச் சிரமம் இராது என்பதைத் தெரிவியுங்கள். கொப்பியும் பேனாவும் நாங்கள் கொண்டு வருகிறோம்.