அம்மா தனியாக வருகிறார்: துபாய், சிகாகோ இரண்டு இடத்தில் விமானம் மாற நேரம் போதுமா?

மினியாபோலிஸ்வாசி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 66 வயது, அடுத்த மாதம் முதல் தடவையாக இங்கே வருகிறார், துணைக்கு யாரும் இல்லை. சென்னை, துபாய், சிகாகோ, மினியாபோலிஸ், எல்லாம் ஒரே டிக்கெட். துபாயில் மூன்றேகால் மணி நேரம், சிகாகோவில் 2 மணி 10 நிமிடம். தமிழ் தவிர வேறு பேச வராது, போர்டில் இங்கிலீஷ் எழுத்தையும் நம்பரையும் கூட்டிப் படித்துவிடுவார், அவ்வளவுதான். எனக்கு துபாயை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது, அவ்வளவு பெரிய ஏர்போர்ட், தூக்கமில்லாமல் விடியற்காலையில் போய் இறங்குவார். சிகாகோ வந்துவிட்டால் வீட்டு வாசலுக்கு வந்த மாதிரிதானே. துபாயில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டுமா? செக்யூரிட்டி மறுபடி உண்டா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பெல்ட்_நம்பர்_7

நண்பரே, நீங்கள் பயப்பட வேண்டிய ஊர் துபாய் இல்லை, சிகாகோ.

துபாயை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே டிக்கெட் என்பதால் பெட்டிக்கு சென்னையிலேயே மினியாபோலிஸ் வரை டேக் போட்டுவிடுவார்கள் (எம்எஸ்பி என்று இருக்கிறதா என்று அம்மாவையே பார்க்கச் சொல்லுங்கள்). துபாயில் பெட்டியைத் தொட வேண்டாம், இமிகிரேஷனும் கிடையாது. இறங்கியதும் கனெக்‌ஷன் போர்டைப் பார்த்து நடந்தால் ஒரு செக்யூரிட்டி, அதைத் தாண்டினால் கேட். ஏ, பி, சி என்று எழுத்தோடு நம்பர் இருக்கும், ஏ வரிசைக்குக் குட்டி ரயிலில் போக வேண்டி வரலாம். மூன்றேகால் மணி நேரம் தாராளம்.

சிகாகோ அப்படி இல்லை. அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறோமோ அங்கேயே இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிக்க வேண்டும். டேக் மினியாபோலிஸ் வரை இருந்தாலும் சரி, பெல்ட்டிலிருந்து பெட்டியை இறக்கி, கஸ்டம்ஸைத் தாண்டி, வெளியே மறுபடி பெட்டி வாங்கும் கவுண்டரில் கொடுக்க வேண்டும். அம்மா இறங்குவது 5ஆம் டெர்மினல். அடுத்த விமானம் யுனைடெட் என்றால் 1, அமெரிக்கன் என்றால் 3. நடுவில் ஓடும் ரயில் செக்யூரிட்டிக்கு வெளியே ஓடுகிறது, ஆகவே அந்த டெர்மினலில் இன்னொரு செக்யூரிட்டி வரிசை. போன வருடம் எனக்கு இமிகிரேஷன் வரிசை மட்டுமே 1 மணி 20 நிமிடம். நான் ஓடினேன், உங்கள் அம்மா ஓடுவாரா? விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு, அதே டிக்கெட்டில் சிகாகோவிலிருந்து பிந்தைய விமானம் கேளுங்கள். நான்கு மணி நேரம் இருந்தால் நிம்மதி.

(டிக்கெட்டில் சிகாகோ ஓஹேர் ஏர்போர்ட்டுக்கு ஓஆர்டி என்று ஏன் குறியீடு என்று குழம்ப வேண்டாம், முன்பு அதற்கு ஆர்ச்சர்ட் ஃபீல்ட் என்று பெயர், அதன் மிச்சம்.)

சாம்பார்பொடி

மேலே சொன்னது அத்தனையும் சரி. முதல் வேலையாக வீல்சேர் கேளுங்கள், காசு கிடையாது, குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும். நன்றாக நடப்பவர்தானே என்று கௌரவம் பார்க்காதீர்கள், வழி தெரியாதவருக்கு அதுதான் வழிகாட்டி. தள்ளுகிறவரே இமிகிரேஷன், பெல்ட், செக்யூரிட்டி எல்லாவற்றுக்கும் கூட்டிப் போவார். சிகாகோவில் அவருக்குக் கொடுக்க அம்மா கையில் ஐந்து டாலர் நோட்டு நான்கைந்து இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம். வழியில் ஓர் ஏர்போர்ட்டில் என் மாமியாரை வீல்சேர் பயணிகளோடு ஓரமாக உட்கார வைத்துவிட்டு மறந்தே போனார்கள். போர்டிங் ஆரம்பித்த பிறகு மாமியார் போர்டிங் பாஸைத் தூக்கிக் காட்டி சத்தம் போட்டுத்தான் கேட்டுக்கு வந்து சேர்ந்தார். மணி பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கைப்பை. ஊறுகாயும் திரவக் கணக்குதான், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். தூளுக்கும் கணக்கு உண்டு: அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேல் இருந்தால் தனியாக எடுத்துச் சோதிப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் எதை இழந்தேன் என்று. பொடி எல்லாம் பெரிய பெட்டிக்குள். கறிவேப்பிலை மட்டும் எந்தப் பெட்டியிலும் வேண்டாம், காய்ந்தது கூட. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தொற்றி வரும் என்று தடை. பெல்ட் பக்கம் பீகிள் நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றும், அது உங்கள் பெட்டி அருகில் உட்கார்ந்தால் கதை முடிந்தது. சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் வேண்டாததை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.

வடைமாலை

ஒரு காகிதத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுங்கள்: எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், மகன் வீட்டுக்குப் போகிறேன், இத்தனை மாதம் இருப்பேன், மகன் முகவரி, போன் நம்பர். இமிகிரேஷனில் என் அப்பா அதை நீட்டினார், அதிகாரி படித்துவிட்டு ரிட்டர்ன் டிக்கெட் மட்டும் கேட்டார். கையெழுத்தில் வேண்டாம், பெரிய எழுத்தில் பிரிண்ட். வளையல் நிறையப் போட்டுக்கொண்டு வந்தால் மெட்டல் டிடெக்டர் கத்தும், இரண்டு போதும். ஷூ கழற்றும் தொல்லை அமெரிக்காவில் 2025 ஜூலையில் போய்விட்டது, மற்ற ஊர்களில் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டியதுதான்.

மினியாபோலிஸ்வாசி

எல்லோருக்கும் நன்றி. இன்று போன் போட்டேன், 50 நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஆள் கிடைத்தார். சிகாகோவில் இப்போது 4 மணி 35 நிமிடம், கூடுதல் பணம் இல்லை. வீல்சேரும் போட்டாகிவிட்டது. "நான் என்ன கிழவியா" என்று அம்மாவுக்குக் கோபம். வழி காட்ட ஆள் வருவார் அம்மா, நாற்காலி சும்மா கூட வரும் என்று சொல்லி சமாளித்திருக்கிறேன். கறிவேப்பிலை விஷயத்தை நான் சொல்லவில்லை. பெட்டி கட்டும்போது அக்கா பக்கத்தில் இருப்பாள், அவள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.