நிரந்தர ஊழியரையும் சீசன் ஊழியரையும் ஒரே வினாக்கொத்தால் ஒப்பிடலாமா?

உப்புவெளி மாணவி
திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் ஊழியர்களிடம் மேயர், ஆலனின் மூன்று பரிமாண நிறுவன அர்ப்பணிப்பு வினாக்கொத்தைக் கொடுத்துத் தரவு எடுத்தேன் (மனப்பற்று, விட்டால் வரும் நட்டம், கடமையுணர்வு). நிரந்தர ஊழியர் ஒரு குழு, சீசனுக்கு மட்டும் வருபவர்கள் இன்னொன்று. வினாக்கொத்து இரு குழுவிலும் ஒரே மாதிரி அளக்கிறதா என்று படிப்படியாகச் சோதித்தேன். கன்ஃபிகரல் (காரணி அமைப்பு ஒன்றா) சரி, மெட்ரிக்கும் (லோடிங், அதாவது கேள்விக்கும் காரணிக்கும் உள்ள பிணைப்பு, சமமா) சரி, ஸ்கேலாருக்கு (இன்டர்செப்ட், அதாவது கேள்வியின் தொடக்கப் புள்ளி, சமமா) போனதும் சிஎஃப்ஐ (மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 0.01 இற்கு மேல் விழுகிறது. மேற்பார்வையாளரோ எல்லாவற்றையும் கூட்டி ஒரு டி-டெஸ்ட் (இரு குழுச் சராசரிகளின் ஒப்பீடு) போட்டு முடி என்கிறார். போடலாமா?

கொட்டியாரத்தான்
வேண்டாம் தங்கச்சி. மெட்ரிக் நின்றால் பரிமாணங்களுக்கு இடையிலான தொடர்புகளை ஒப்பிடலாம், சராசரியை ஒப்பிட ஸ்கேலாரும் நிற்க வேண்டும். 0.01 என்பது செங்கும் ரென்ஸ்வோல்டும் 2002 இல் சொன்ன எல்லை, கல்லில் வெட்டியது இல்லைதான், ஆனாலும் தாண்டினால் காரணம் தேடத்தான் வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கட்டாமல், ஒவ்வொரு பரிமாணமாக இன்டர்செப்டைச் சமப்படுத்திப் பாருங்கள்.

நிலாவெளி அக்கா
ஓட்டிப் பார்க்காமலே சொல்கிறேன், நட்டப் பரிமாணம்தான். செப்டெம்பர் முடிந்து வெள்ளைக்காரர் போனதும் ஹோட்டல் தானே கணக்கு முடித்து அனுப்பிவிடுகிற ரூம் போயிடம், இப்போது வேலையை விட்டால் வாழ்க்கை குழம்புமா என்று கேட்டால் அவர் என்ன எழுதுவார்? ஒக்டோபரில் பெரும்போக விதைப்புக்கு வயலில் இறங்குகிறவர் அவர். நட்ட உணர்வு நிரந்தர ஊழியர் அளவுக்கே இருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஒன்றிலோ இரண்டிலோதான் வட்டம் போடுவார். இன்டர்செப்ட் அங்கேதான் பிசகும்.

கொட்டியாரத்தான்
அக்கா சொல்வது நியாயம். அப்படியென்றால் அந்தக் கேள்விகளின் இன்டர்செப்டை மட்டும் குழுவுக்குக் குழு மாற விடுவித்து, மற்றவை சமமாகவே நிற்கும் பகுதிச் சமத்துவத்தோடு போகலாம், பைர்ன், ஷாவெல்சன், முத்தேன் 1989 இலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்கள். மென்பொருள் காட்டுகிறது என்பதற்காகக் கண்டதையும் விடுவிக்காதீர்கள், இப்படிக் காரணம் சொல்ல முடிந்ததை மட்டும்.

மொத்தப் புள்ளி எனக்குப் பிடிக்காது. மனப்பற்றும் கடமையுணர்வும் சேர்ந்து போகும், நட்டம் தன்பாட்டில் நிற்கும், மூன்றையும் கூட்டினால் வருவது என்ன? மேற்பார்வையாளர் அடம்பிடித்தால், மூன்றுக்கும் மேலே ஒரு பொதுக் காரணி வைக்கும் இரண்டாம் படிக் காரணி மாதிரி போடுங்கள், ஆனால் அங்கே மேல்படி லோடிங்குகளையும் முதல்படிக் காரணிகளின் இன்டர்செப்டுகளையும் தனியாகச் சோதிக்க வேண்டிவரும்.

உப்புவெளி மாணவி
ஓட்டினேன், நட்டத்தில் இரண்டு கேள்விகள்தான் அக்கா, மற்ற இரு பரிமாணங்களும் ஸ்கேலாரில் நிற்கின்றன. அந்த இரண்டையும் விடுவித்து, மூன்று சராசரிகளையும் தனித்தனியே ஒப்பிட்டு மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகிறேன். சீசன் குழுவில் ஆட்கள் குறைவு, அதற்கு வேறு திரி தொடங்குகிறேன்.