இரண்டடி ரீஃப் தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற வேண்டும்: எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது?

தாம்பரத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இப்போது இருப்பது 60×40×40 செ.மீ. அளவுள்ள ரீஃப் தொட்டி (பவளங்கள் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி). கணக்குப்படி 96 லிட்டர் என்றாலும் பாறையும் மணலும் போக, உண்மையில் நிற்கும் நீர் 75 லிட்டர் அளவில்தான் இருக்கும். ஒரு ஜோடி கிளவுன் மீன்களும், ஸோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர் கோரல் ஆகிய பவளங்களும் நன்றாகவே வளர்கின்றன. ஆனால் லெதர் கோரல் முழுவதும் விரியும்போது அதன் நிழலில் உள்ளவை சுருங்கிவிடுகின்றன. மேலும், கோடையில் ஆவியான நீரை ஒரு நாள் ஈடுசெய்யத் தவறினால்கூட உப்புத்தன்மை (ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில்) 35இலிருந்து 36ஐத் தாண்டிவிடுகிறது.

கொளத்தூரில் தொட்டி கட்டித் தருபவர் மூன்று அளவுகளைச் சொல்லியிருக்கிறார்: 90×60×50 (270 லிட்டர்), 120×60×60 (432 லிட்டர்), 150×45×60 (405 லிட்டர்). அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன். கூடத்தில் 160 செ.மீ. நீளத்துக்குச் சுவர் காலியாக இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதை ஆர்ஓ வழியாகத்தான் பயன்படுத்துகிறேன். பின்னாளில் ஒரு யெல்லோ டேங் (மஞ்சள் நிறக் கடல்மீன்) வளர்க்கும் விருப்பமும் உண்டு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

உவர்நீர்:

வணக்கம் ஐயா. மூன்றில் எதையும் அப்படியே எடுக்க வேண்டாம். 120×60×50 கட்டித் தரச் சொல்லுங்கள் என்பேன். கணக்குப்படி 360 லிட்டர் வரும்.

உயரத்தில் 10 செ.மீ. குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடியின் மீதான நீரழுத்தம் நீரின் ஆழத்தைப் பொறுத்ததே தவிர, தொட்டியின் அகலத்தையோ மொத்தக் கொள்ளளவையோ பொறுத்ததன்று. அதனால் உயரத்தைக் கூட்டினால் கண்ணாடியின் தடிமனையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். செலவு அங்கேதான் ஏறும். அதைவிட முக்கியமானது கை எட்டுவது. ஸ்டாண்டின் உயரம் 75 செ.மீ. என்றால், 60 செ.மீ. தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 135 செ.மீ. உயரத்தில் நிற்கும். அடிமணலில் விழுந்த ஒரு துண்டை எடுக்க வேண்டுமானால் ஸ்டூல் மீது ஏறித் தோள்வரை கையை விட வேண்டியிருக்கும், அப்படிச் செய்ய வேண்டிய வேலையை நாம் நாளைக்குத் தள்ளிக்கொண்டே போவோம். ஆழம் கூடினால் விளக்கு போதாது என்று பலரும் சொல்வார்கள். உங்களிடம் உள்ள மென்பவளங்களுக்கு அது பெரிய தடையன்று.

அகலத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 150×45 என்பது வரவேற்பறையில் கம்பீரமாகத்தான் தெரியும், ஆனால் 45 செ.மீ. அகலத்தில் பாறை அடுக்கினால் அது பின்சுவரில் சாய்த்து வைத்த குவியலாகவே அமையும். முன்கண்ணாடியைத் துடைக்க வெளி வேண்டும், பாறைக்குப் பின்னால் நீரோட்டம் போக வழி வேண்டும். உங்கள் லெதர் கோரலின் குடை நாளடைவில் 30 செ.மீ.க்கும் மேல் விரியக்கூடியது. அதன் நிழல் மட்டும் சிக்கலன்று. லெதர் வகைகள் அண்டைப் பவளங்களை ஒடுக்கும் வேதிப்பொருள்களையும் நீரில் கலந்துவிடுகின்றன. எனவே இடைவெளியும், கூடுதல் நீரும், அவ்வேதிப்பொருள்களை உறிஞ்சும், தவறாமல் மாற்றப்படும் ஆக்டிவேட்டட் கார்பனும் சேர்ந்தால்தான் அவை ஒன்றாக வாழும்.

இனி, எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பதை முடிவு செய்வது சுவரின் நீளமன்று, வாராவாரம் உங்களால் தயாரிக்க முடிந்த நீரின் அளவே. 120×60×50 தொட்டியும் சம்பும் (அடியில் வைக்கும், வடிகட்டும் கருவிகளுக்கான துணைத் தொட்டி) சேர்ந்து ஏறத்தாழ 390 லிட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வாரம் பத்து விழுக்காடு மாற்ற 40 லிட்டர், நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியாகிறது என்றால் அதை ஈடுசெய்ய 28 லிட்டர், ஆக 70 லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆர்ஓ நீர் தேவை. ஒரு லிட்டர் தூய நீருக்கு மூன்று லிட்டர் கழிவாகப் போகும் கருவியாக இருந்தால், 200 லிட்டர் வீணாகும். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் இது அண்டை வீட்டாரோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாகிவிடும் (கழிவு நீரை வீடு துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துவது ஒரு வழி). உப்பு லிட்டருக்கு 36 கிராம் வீதம் 40 லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆகும்.

பெரிய தொட்டியைப் பராமரிப்பது எளிது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மைதான். உப்புத்தன்மையும் வெப்பமும் மெதுவாக மாறும் என்பது சரி. ஆனால் மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஒருமுறை ஏறிவிட்டால் அதை நீர் மாற்றியே பாதியாகக் குறைக்க 75 லிட்டர் தொட்டியில் 38 லிட்டர் போதும், 390 லிட்டரில் 195 லிட்டரும் ஏழு கிலோ உப்பும் வேண்டும்.

நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியையும் கணக்கில் சேருங்கள். சென்னைக் கோடையில் குளிரூட்டாத அறையில் நீரை 26–27 டிகிரியில் வைத்திருக்க மின்விசிறி மட்டும் போதாது. 250 வாட் இழுக்கும் சில்லர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் 150 யூனிட் கூடும். இப்போதே 500 யூனிட்டை ஒட்டிக் கட்டணம் கட்டுபவராக இருந்தால், அடுத்த படிநிலைக்குப் போவதன் சுமையைச் சேர்த்தே பாருங்கள்.

சிமென்ட்டுக்காரர்:

எடையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். 120×60×50 தொட்டிக்கு 12 மி.மீ. கண்ணாடி மட்டும் 75 கிலோ வரும். உள்ளே நிற்கும் நீர் 310 கிலோ, பாறையும் மணலும் 60, ஸ்டாண்டு 50, சம்பும் அதன் நீரும் 110 என்று கூட்டினால் 600 கிலோவைத் தொடும். அது 0.72 சதுர மீட்டரில் நிற்கிறது.

வீடுகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 875, பகுதி 2) வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. இதைப் பார்த்துவிட்டு நான்கு மடங்கு மீறுகிறதே என்று அஞ்சத் தேவையில்லை. அந்த எண் அறை முழுவதும் பரவி நிற்கும் சுமைக்கானது. அதற்காகக் கவலையே வேண்டாம் என்றும் பொருளில்லை. எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. மூன்றரை மீட்டர் இடைவெளியுள்ள தளத்தில் தொட்டியை நடுவில் வைத்தால் ஏற்படும் வளைவு விசையில் பாதிக்கும் குறைவாகவே, பீம் மீது அமைந்த சுவரை ஒட்டி வைக்கும்போது ஏற்படும். பீமும் தூணும் சேரும் மூலை இன்னும் நல்லது. வெளியே நீட்டப்பட்ட பால்கனித் தளத்தில் எந்நிலையிலும் வைக்கக் கூடாது. கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் பழைய கட்டடமாக இருந்தால், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்க்காமல் இந்த அளவுக்குப் போகாதீர்கள்.

மன்னார்க்கடல்:

உவர்நீர் ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கே சிறிய தொட்டிக்குச் சாதகமாக இருப்பதாகப் படுகிறது. யெல்லோ டேங் என்ற ஒற்றை மீனை நீக்கிவிட்டால், 90×60×50 உங்கள் தேவை அனைத்தையும் நிறைவேற்றும். அகலம் அதே 60, உயரம் அதே 50, வேலையோ முக்கால் பங்குதான். டேங் 20 செ.மீ. வரை வளர்ந்து, நாள் முழுவதும் நீளவாக்கில் நீந்திக்கொண்டே இருக்கும் மீன் என்பதால் அதற்கு நான்கடி வேண்டும் என்பதை ஏற்கிறேன். பாசி மேய்வதற்காகத்தான் என்றால் ஒரு சிறிய பிளென்னி மீனும் சில டர்போ நத்தைகளும் போதும்.

இன்னொன்று: இடம் கூடியதும் கடினப் பவளம் வைக்கும் ஆசை வரும். இந்தியக் கடலில் பாறையமைக்கும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் இருக்கின்றன. கடல் விசிறிகளும் அப்படியே. இராமேசுவரம் பக்கத்திலிருந்து வந்த ‘லைவ் ராக்’ (உயிரிகள் குடியேறிய கடற்பாறை) என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்; அது பெரும்பாலும் பவளப்பாறைதான். நுண்துளையுள்ள செயற்கைப் பாறையை வாங்கி, அம்மோனியா பூச்சியத்துக்கு இறங்கும்வரை சில வாரங்கள் ஓடவிடுங்கள். பழைய தொட்டியிலிருந்து பாறையை மாற்றிக்கொள்ளலாம். மணலை மாற்ற வேண்டாம், கிளறினால் உள்ளிருக்கும் அழுக்கு அனைத்தும் புதிய நீரில் கலந்துவிடும்.

தாம்பரத்தான்:

மூவருக்கும் மிக்க நன்றி. டேங் மீதான ஆசையை விட மனம் வரவில்லை. ஆகவே 120×60×50 என்று முடிவு செய்திருக்கிறேன். சுவருக்கு அடியில் பீம் ஓடுவதைக் கீழ்வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சம்புக்கு 90×40×40 போதுமா?

உவர்நீர்:

போதும், நிரப்பும் மட்டத்தைக் கவனித்தால். மின்சாரம் நின்றவுடன் மேல்தொட்டியில் 3 செ.மீ. நீர் இறங்கினாலே 21.6 லிட்டர் கீழே வரும், குழாய்களில் உள்ளது தனி. சம்பில் 25 செ.மீ. மட்டத்துக்கு நிரப்பினால் மேலே 54 லிட்டருக்கு இடம் இருக்கும். வெள்ளம் கூடத்துக்கு வராது. புயல் காலத்தில் மின்சாரம் நாள்கணக்கில் வராமல் போகலாம் என்பதால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் படிக்கட்டுத் திருப்பத்தையும் வாசல் நிலையையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். வெறும் தொட்டியே 75 கிலோ இருக்கும். நான்கு பேர் தூக்கிக்கொண்டு திரும்ப இடமில்லை என்றால், கட்டித் தருபவரைக் கண்ணாடிகளைத் தனித்தனியே கொண்டுவந்து வீட்டிலேயே ஒட்டித் தரச் சொல்ல வேண்டியிருக்கும்.